பயணமும் பக்கத் துணையும்

வீட்டிற்கு வெளியூரிலிருந்து ஒரு திருமண அழைப்பு வந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி, "எதில் போகலாம்?" என்பதுதான். ரயிலா, பேருந்தா, காரா? கேள்வி எழுந்த மறுகணமே வீடு மூன்று கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒருவர் நேரத்தைக் கணக்கிடுகிறார். ஒருவர் செலவைக் கணக்கிடுகிறார். மூன்றாமவர் முழங்கால் வலியையும் மூட்டை முடிச்சையும் கணக்கிடுகிறார். மூன்றும் நியாயமான கணக்குகளே. இவற்றைக் கூட்டிக் கழித்து முடிவு கண்டபின் பயணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியது வேறொன்றும் இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, இந்த மூன்று தராசுகளிலும் நிறுக்க இயலாத ஒன்று பயணத்தில் உண்டென்பதை எனக்கு உணர்த்திற்று. அது என்ன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தூரம். இன்று இத்தூரத்தைக் கடக்க நமக்கு வழிகள் பல. இரவில் ஏறிக் காலையில் இறங்கும் சேரன் விரைவு ரயில் உண்டு. பகலில் ஓடும் கோவை விரைவு ரயில் உண்டு. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் தொடங்கப்பட்ட வந்தே பாரத் ரயில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. காந்திபுரத்திலிருந்து அரசு விரைவுப் பேருந்துகள் புறப்பட்டு, சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியே சென்று, கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட புதிய நிலையத்தை அடைகின்றன. சொந்தக் கார் வைத்திருப்போர் அவினாசிச் சாலையில் ஏறினால் எட்டு அல்லது ஒன்பது மணி நேரத்தில் சென்னையில் உறவினர் வீட்டு வாசலிலேயே இறங்கிவிடலாம்.

நம் முன்னோருக்கு இத்தனை தெரிவுகள் இருந்ததில்லை. கொங்கு நாடு பழங்காலந்தொட்டு வழிப்போக்கர்களின் நாடு. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுத் துறைமுகங்களுக்கும், கிழக்கே நொய்யல் கரையிலிருந்த கொடுமணல் போன்ற தொழில் ஊர்களுக்கும் இடையே வணிகச் சாத்துகள் நடந்த நாடு இது. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூருக்கு அருகில் "இராசகேசரிப் பெருவழி" என்னும் பெயரைத் தாங்கிய சோழர் காலக் கல்வெட்டு இன்றும் உள்ளது. நம் கிராமச் சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன. தலைச் சுமையோடு நடந்து வருபவர், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அவை நாட்டப்பட்டன. அக்கல்லை நாட்டியவருக்கு அதில் சுமையை வைக்கப் போகிறவர் யார், எந்த ஊரார், எந்தக் குலத்தார் என்று தெரியாது. முன்பின் அறியாத வழிப்போக்கருக்குத் தாம் ஏதோ கடமைப்பட்டிருக்கிறோம் என்ற உணர்வே அக்கல்லை நாட்டச் செய்தது.

பிறகு இருப்புப் பாதை வந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை 1862இல் எட்டிய அப்பாதை கோவை நகருக்குள் நுழையாமல் போத்தனூர் வழியே சென்றது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு 1873இல் கிளைப் பாதை அமைந்தபோதுதான் நகரத்திற்குத் தன் நிலையம் வாய்த்தது. ரயில் வந்ததும் சுமைதாங்கியின் வேலை குறைந்தது. ஆனால் அதை நாட்டிய மனம் வேறு உருவங்களில் தொடர்ந்தது. சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியவர் தங்குவதற்கு அதனருகிலேயே இராமசாமி முதலியார் சத்திரமும் சித்தீக் சராயும் எழுந்தன. வழிப்போக்கர் என்பவர் ஊரின் பொறுப்பு என்ற கொள்கை அங்கே செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்றது.

இனி, எங்கள் வீட்டு நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

கோட்டைமேட்டில் எங்கள் வீட்டிற்கு அடுத்த தெருவில் என் தாயாரின் தங்கை வசிக்கிறார். கணவரை இளமையிலேயே இழந்தவர், பிள்ளைகள் இல்லை. நான் சிறுவனாக இருந்த நாளிலிருந்து எங்கள் குடும்பம் சென்னைக்கோ வேலூருக்கோ எந்த விசேஷத்திற்குச் சென்றாலும் சின்னம்மாவும் உடன் வருவார். அவரை யாரும் தனியாக அழைத்ததில்லை. அழைக்க வேண்டிய தேவையும் எழுந்ததில்லை. ரயிலுக்கு முன்பதிவு செய்யும்போது எங்கள் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வது அத்தாவின் வழக்கம். அவருக்குப் பின் என் வழக்கமுமாயிற்று. ரயில் திருப்பூரைத் தாண்டுமுன் சின்னம்மா எதிர் இருக்கைக்காரர்களின் குடும்ப வரலாற்றை முழுதும் அறிந்துவிடுவார். ஈரோடு வருமுன் எங்கள் புளிச்சோறு அவர்கள் இலைக்கும், அவர்களுடைய தயிர்ச்சோறு எங்கள் இலைக்கும் இடம் மாறியிருக்கும்.

என் மகன் தன் உழைப்பில் ஒரு கார் வாங்கினான். மகிழ்ந்தோம், அல்லாஹ்வைப் புகழ்ந்தோம். சில மாதங்களில் சென்னையில் நெருங்கிய உறவுப் பெண்ணின் நிக்காஹ் வந்தது. "எதில் போகலாம்?" என்ற கேள்விக்கு இம்முறை விவாதமே எழவில்லை. புதிய கார் வாசலில் நிற்கிறது. என் தாயார், நான், என் மனைவி, மகன், மருமகள் என ஐவர். காரிலும் இருக்கைகள் ஐந்து. கணக்குச் சரியாக இருந்தது.

புறப்படும் வேளையில் சின்னம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். பையோ பெட்டியோ அவர் கையில் இல்லை. காருக்குள் ஒருமுறை பார்த்தார். பிறகு முந்தானையிலிருந்து ஓர் உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். "கண்ணு, பத்திரமாப் போயிட்டு வாங்க. எம் பேரைச் சொல்லி இந்த மொய்யை எழுதிருங்க" என்றார். அவர் குரலில் வருத்தமோ குறையோ சிறிதும் இல்லை. அதுவே என்னை உறுத்திற்று. அவர் எங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்து, தமக்கு இடமில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். நாங்களோ அவரைக் கணக்கில் சேர்க்கவே மறந்திருந்தோம். அறுபது ஆண்டு உறவை ஐந்து இருக்கைகள் ஒரே காலைப்பொழுதில் திருத்தி எழுதிவிட்டன.

வழியில் இதை நான் சொன்னபோது மகன் எனக்கு மறுமொழி கூறினான். அவன் கூறியவற்றை நேர்மையாக இங்கே எழுத வேண்டும். ஏனெனில் அவற்றில் உண்மை உண்டு. "அத்தா, ரயிலுக்கு அறுபது நாள் முன்னாடியே பதிவு செய்யணும். இது இருபது நாளில் முடிவான கல்யாணம். காத்திருப்போர் பட்டியலில் பேரைப் போட்டுட்டு, நன்னியைப் பிளாட்பாரப் படியில் ஏத்தி இறக்க முடியுமா? பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார வைக்க முடியுமா? கார் இல்லைன்னா நன்னியும்தான் வந்திருக்க முடியாது" என்றான்.

முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாக 2024 நவம்பர் முதல் குறைக்கப்பட்டது உண்மை. முதியோருக்கு ரயில் கட்டணத்தில் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதும் உண்மை. பேருந்துக்கு அதற்கேயுரிய பெருமை உண்டு: தாராபுரம், காங்கயம், சத்தியமங்கலம் போன்ற, ரயிலே எட்டிப் பாராத ஊர்களையும் அது தேடிச் செல்கிறது, நாளை மறுநாள் பயணத்திற்கு இன்று சீட்டுத் தருகிறது. ஆயினும் எழுபத்தெட்டு வயதுத் தாய்க்கு ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணம் கடினமே. நினைத்த இடத்தில் நிறுத்தி, ஒளுச் செய்து தொழுது, கால் நீட்டி இளைப்பாறிச் செல்லும் வசதியைக் கார் ஒன்றே தருகிறது. ஆகவே கார் தீயது, ரயில் நல்லது என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. அவ்வாறு எழுதினால் என் தாயாரின் முழங்காலுக்கு நான் அநீதி செய்தவனாவேன்.

அப்படியானால் எங்கே பிழை நேர்ந்தது?

பயணத்தை அரபு மொழியில் "ஸஃபர்" என்பர். அச்சொல்லின் வேருக்குத் "திரை விலகி வெளிப்படுதல்" என்னும் பொருள் உண்டு. மனிதர்களின் உண்மையான குணத்தை வெளிப்படுத்துவதால் பயணத்திற்கு அப்பெயர் அமைந்தது என்று அறிஞர் பெருமக்கள் விளக்குவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா நூலில் பயண ஒழுக்கங்களுக்கென்றே தனியொரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்த மனிதரைப் பார்த்துக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அவரோடு அண்டை வீட்டில் வாழ்ந்திருக்கிறீரா, பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீரா, அவரோடு சேர்ந்து பயணம் செய்திருக்கிறீரா என்று வினவி, இல்லையென்று விடை வந்ததும், அப்படியானால் அவரை நீர் அறியமாட்டீர் என்று கூறியதாக ஒரு வரலாறு வழங்குகிறது. பயணம் பிறருடைய குணத்தை நமக்குக் காட்டுகிறது என்று இதற்குப் பொருள் கொள்வோம். நம்முடைய குணத்தை நமக்கே காட்டுகிறது என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது. அன்று காலை எங்கள் குணம் எங்களுக்கு வெளிப்பட்டது.

திருமறையின் நான்காம் அத்தியாயத்து 36ஆம் வசனம், நன்மை செய்யப்பட வேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோரைக் கூறியபின் "பக்கத்திலிருக்கும் தோழர்" என்று பொருள்படும் ஒரு தொடர் அங்கே வருகிறது. அதன்பின் வழிப்போக்கர் கூறப்படுகிறார். பக்கத்திலிருக்கும் தோழர் யார் என்பதில் விரிவுரையாளரிடையே பல கருத்துகள் உண்டு. மனைவி என்றனர் சிலர். பயணத்தில் உடன் வருபவர் என்றனர் பலர். கல்வியில் உடன் பயில்பவர், தொழிலில் பங்காளி, ஓர் அவையில் தற்செயலாக நம் அருகே வந்து அமர்ந்தவர் ஆகிய அனைவரையும் அது குறிக்கும் என்று ஸமக்ஷரீ விரித்துரைத்தார். மத்ரஸாவில் இதைப் பாடமாக ஓதிய நாளில் சொல்லாராய்ச்சியாகவே இதனைக் கடந்து சென்றேன். ஒரு மணி நேரம் பக்கத்தில் அமர்ந்தவருக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது எத்துணைப் பெரிய அறம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உறவு இரத்தத்தால் வருகிறது. நட்பு மனத்தால் வருகிறது. இவ்வுரிமையோ இருக்கையால் வருகிறது. இதனை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பயணச் சீட்டு தேர்ந்தெடுக்கிறது.

இந்தக் கண்ணோடு மூன்று ஊர்திகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரயிலின் படுக்கைப் பெட்டியில் ஓர் அடைப்புக்கு எட்டுப் பேர். எதிரெதிரே ஆறு பேர், பக்கவாட்டில் இருவர். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் இரவு முழுதும் அவர்களை நம்பித்தான் உறங்குகிறோம். நம் பெட்டிக்கு அவர்கள் காவல்; அவர்கள் குழந்தைக்கு நாம் காவல். கீழ்ப் படுக்கை கிடைத்த இளைஞர், மேலே ஏற இயலாத முதியவருக்கு இடம் மாற்றித் தருகிறார். யாரும் அதைச் சட்டமாக விதிக்கவில்லை. ஆயினும் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு பெட்டியிலும் அது நடைபெறுகிறது. பேருந்திலோ இருவர் தோளோடு தோள் உரச அமர்கின்றனர். அயலாரின் உறக்கம் நம் தோளில் சாய்கிறது. நம் பொறுமை அங்கே சோதிக்கப்படுகிறது. காரில் நாம் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டுமே நம் பக்கத்தில் இருக்கின்றனர். அதில் அமைதி உண்டு. குடும்ப உரையாடலின் இனிமையும் உண்டு. ஆனால் அங்கே பக்கத்துத் தோழர் என்று எவரும் வர வழியில்லை. கண்ணாடிக்கு வெளியே இருப்பவர் அனைவரும் நம் வேகத்திற்கு இடையூறாகவே தோன்றுகின்றனர்.

ரயிலையும் பேருந்தையும் மிகைப்படப் புகழவும் கூடாது. இன்றைய படுக்கைப் பேருந்துகளில் ஒவ்வொருவரும் தத்தம் திரையை இழுத்துவிட்டுக்கொள்கின்றனர். ரயிலில் எட்டுப் பேரும் எட்டுக் கைப்பேசிகளுக்குள் மூழ்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே சென்னை சேர்வதுண்டு. வந்தே பாரத் ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது. திடீரென்று புறப்பட நேர்ந்த ஏழைக்கு அதில் இடமில்லை. ஆகவே ஊர்தி அறத்தைத் தருவதில்லை. அறத்திற்கு வாய்ப்பை மட்டும் சில ஊர்திகள் தருகின்றன, சில தருவதில்லை.

இங்கே ஒரு நபிமொழி நினைவுக்கு வருகிறது. அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பது அது. ஒரு பயணத்தின்போது ஒருவர் தம் வாகனத்தில் வந்து, வலமும் இடமும் பார்த்தவாறு இருந்தார். அவருடைய தேவையை உணர்ந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மிகுதியான வாகனம் வைத்திருப்பவர் வாகனமற்றவருக்கும், மிகுதியான உணவு வைத்திருப்பவர் உணவற்றவருக்கும் அதனைக் கொடுத்துதவுமாறு பணித்தார்கள். அவர்கள் ஒவ்வொரு பொருளாக அவ்வாறு கூறிக்கொண்டே செல்ல, மிஞ்சியதில் எங்களில் எவருக்கும் உரிமையில்லையோ என்று நாங்கள் எண்ணினோம் என்கிறார் அந்த நபித்தோழர். அக்காலத்து மிகுதி வாகனம், ஏறுவாரின்றி நடந்து வந்த ஒட்டகத்தின் முதுகு. இக்காலத்து மிகுதி வாகனம், நம் காரில் ஆளின்றிப் போகும் இருக்கை.

கணக்கிலும் இது புலப்படும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், 500 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 33 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,300 ரூபாய். ஐவர் சென்றால் தலைக்கு 660. இருவர் மட்டும் சென்றால் தலைக்கு 1,650. இது சுங்கச் சாவடிக் கட்டணம் நீங்கலான கணக்கு. ரயிலில் சாதாரணப் படுக்கைச் சீட்டோ அந்த 660ஐவிடக் குறைவு. நிறைந்த கார் ஓரளவு நியாயமானது. காலியான கார் பணத்தாலும் எரிபொருளாலும் வீண் விரயம். விரயம் நம் பணப்பையோடு முடிந்துவிட்டால் அது நம் சொந்த விவகாரம் எனலாம். ஆனால் சாலையில் அது அப்படி முடிவதில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் விபத்துகளில் இறந்தனர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்துள்ளது. அவர்களில் எத்தனையோ பேர் காரில் இருந்தவர்கள் அல்லர். நடந்து சென்றவர்கள், இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். நம் வேகத்தின் விலையைச் செலுத்துபவர் எப்போதும் நாமாகவே இருப்பதில்லை.

நமக்கு அண்மையிலுள்ள நீலகிரியே இதற்கு மற்றொரு சான்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் மலை ரயில் சென்றது. வழியின் ஒரு பகுதியில் பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு, 46 கிலோமீட்டரை அது நிதானமாக ஏறுகிறது. பேருந்தும் நெடுங்காலமாக ஏறி இறங்குகிறது. இவற்றால் மலைக்கு மூச்சு முட்டவில்லை. கோடைதோறும் கார்கள் வரிசை வரிசையாக ஏறத் தொடங்கியபோதுதான் மலைவாழ் மக்களின் அன்றாட வாழ்வு திணறிற்று. நோயாளியை ஏற்றிய ஊர்தியும் அந்நெரிசலில் நிற்க நேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் மலையேறும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடைக்கு, வார நாட்களில் 6,000, வார இறுதி நாட்களில் 8,000 வாகனங்கள் என்று எல்லையும் வகுக்கப்பட்டது. பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு அந்த எல்லை இல்லை. ஒரே மலைக்கு, ஒரே நாளில் செல்லும் இருவரில் ஒருவருக்குத் தடையும் மற்றவருக்கு அனுமதியும் ஏன்? ஒருவர் தம்மோடு சேர்த்து எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறார் என்பதே அங்கே கேள்வி. சாலை என்பது பொதுச் சொத்து. அதில் தனக்குரிய பங்கிற்கு மேல் எடுப்பவர் பிறர் பங்கை எடுக்கிறார்.

வாசகர் ஒருவர் இங்கே கேட்கக்கூடும்: "யாருக்கு உண்மையான தேவை என்று எப்படி அறிவது? கேட்பவர்களுக்கெல்லாம் இடம் தர முடியுமா?" இதற்கு விடையாக மார்க்கச் சட்டத்திலிருந்து ஒன்றைச் சுட்டலாம். நெடும் பயணம் செல்பவர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவுக்கு மேற்பட்டது நெடும் பயணம் என்று இக்கால அறிஞர்கள் கணக்கிடுவர். குளிரூட்டிய ரயிலில் ஆறு மணி நேரத்தில் சென்னை செல்பவருக்குச் சிரமம் எங்கே இருக்கிறது, அவருக்கு ஏன் சலுகை என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஃபிக்ஹ் அறிஞர்கள் இதற்கு அன்றே விடை தந்துவிட்டனர். பல்லக்கில் சுகமாகப் பயணம் செய்யும் அரசனுக்கும் இச்சலுகை உண்டு. ஊரிலேயே இருந்து நாளெல்லாம் மூட்டை தூக்கும் கூலியாளுக்கு இது இல்லை. ஏனெனில் சட்டம் சலுகையைச் சிரமத்தோடு பிணைக்கவில்லை, பயணத்தோடு பிணைத்தது. சிரமத்தை அளக்கக் கருவியில்லை, பயணத்தை அளக்கலாம். வழியில் இருப்பவரை நிறுத்தி, "உன் துன்பத்தை நிரூபித்துக் காட்டு" என்று மார்க்கம் கேட்கவில்லை. வழியில் இருக்கிறார் என்பதே அவருக்குப் போதிய தகுதி. சுமைதாங்கிக் கல்லும் சுமையின் எடையை விசாரித்ததில்லை. எல்லோருக்கும் இடமளிக்க நம்மால் இயலாது. ஆனால் இருக்கும் இடத்தை யாருக்கென்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நம்மால் இயலும்.

இப்போது, எங்கே பிழை நேர்ந்தது என்ற கேள்விக்கு விடை சொல்லலாம். பிழை காரில் இல்லை. எங்கள் கேள்வியின் வரிசையில் இருந்தது. "எதில் போகலாம்?" என்று முதலில் கேட்டோம். கார் என்று முடிவாயிற்று. கார் ஐந்து என்றது. ஐந்துக்குள் அடங்கியவர் உறவினராயினர். ஆறாமவர் வழியனுப்ப வந்தவராயினார். ஊர்தியை முதலில் தீர்மானித்தால், யார் நம்மவர் என்பதை ஊர்தியே தீர்மானித்துவிடுகிறது. "அர்-ரஃபீக் கப்லத் தரீக்" என்று அரபு மக்களிடையே ஒரு பழமொழி உண்டு. வழியைத் தேடுமுன் வழித்துணையைத் தேடு என்பது அதன் பொருள். திருடர் பயமும் பாலைவனமும் இருந்த காலத்தில் அது தற்காப்புக்காகச் சொல்லப்பட்டது என்று எண்ணியிருந்தேன். பயம் நீங்கிய காலத்திற்கும் அது பொருந்தும் என்று இப்போது தெரிகிறது. "யார் யார் போகிறோம்?" என்பது முதற்கேள்வி. "அவர்களில் யாருக்கு எது இயலும்?" என்பது இரண்டாம் கேள்வி. "எதில் போகலாம்?" என்பது மூன்றாவதாக வரட்டும். நேரம், செலவு, வசதி என்னும் மூன்று தராசுகளும் அதன்பின் தத்தம் வேலையைச் செய்யட்டும்.

எட்டு மாதங்களுக்குப் பின் சென்னையில் மீண்டும் ஒரு திருமணம் வந்தது. இம்முறை மகனே முதலில் எழுந்து அடுத்த தெருவுக்குச் சென்று சின்னம்மாவிடம் நாளைச் சொல்லிவிட்டு வந்தான். ஆறு பேர் என்று எண்ணிக்கை முடிவாயிற்று. சின்னம்மாவுக்கும் இப்போது மூட்டு வலி தொடங்கிவிட்டதால், அவரும் என் தாயாரும் காரில் செல்வது என்றும், மகன் ஓட்ட மருமகள் உடன் செல்வது என்றும், நானும் என் மனைவியும் சேரன் ரயிலில் செல்வது என்றும் ஏற்பாடு செய்தோம். காரில் ஓர் இடம் மிஞ்சியது. சென்னையில் வேலைக்கான நேர்காணலுக்குச் செல்லவிருந்த எங்கள் தெரு மாணவர் ஒருவர் அதில் அமர்ந்தார். ஐந்து இருக்கைக் கார் முன்பு ஒருவரை விட்டுச் சென்றது. அதே கார் இப்போது வேண்டியவரை ஏற்றிக்கொண்டு, வெளியார் ஒருவருக்கும் இடம் தந்தது.

ரயிலில் எங்கள் எதிரே அமர்ந்தவர்கள் பெருந்துறைப் பக்கத்து விவசாயத் தம்பதியர். மகளின் பிரசவத்திற்காகச் சென்னை செல்வதாகச் சொன்னார்கள். சின்னம்மா இல்லாத குறையை என் மனைவி அன்று ஓரளவு நிறைவு செய்தாள். காலையில் சென்ட்ரலில் இறங்கும்போது அந்த அம்மையார் எங்கள் பையைத் தாம் எடுத்துக் கொடுத்தார்.

மண்டபத்தில் மொய் எழுதும் மேசைக்கு முன் வரிசையில் சின்னம்மா நின்றுகொண்டிருந்தார். தம் முறை வந்ததும் உறையைத் தம் கையாலேயே நீட்டி, தம் பெயரைத் தாமே சொன்னார்.